நாலாம் பக்கம் வரை படித்தவர்

அந்தப் பையைச் சித்தெ அக்கட்டால வெச்சுக்கறீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பையும் என்ற பையும் ஒரே நெறம் பாருங்க. எறங்கற அவசரத்துல மாறிப்போச்சுன்னா? தானா மாறோணும்னு இல்ல, மாத்தியும் போடலாமில்லீங்க. உங்களைச் சொல்லலை. பொதுவாச் சொல்றேன்.

பின்னால ரெண்டு சீட்டு காலியாத்தான் கெடக்குது. ஆனா நீங்க இங்க வந்து உக்கோந்தீங்க. சரி, உக்கோந்தாச்சு. எங்க, பொள்ளாச்சிக்கா? நானும் அங்கதான். நான் பெருந்துறைங்க. திருப்பூர்ல பஸ்ஸு மாறி வர்றேன். கண்டக்டரு மீதிச் சில்லறை அப்பறம் தர்றேன்னு சொல்லிப்போட்டுப் போனான், பாத்தீங்கல்ல? நீங்க சாட்சி.

என்ன வேலைல இருக்கீங்க? வாத்தியாரா? பீரோ யாவாரம் இல்லியே? உங்க சொந்தத்துல யாரும்? இல்லியா. அப்பச் சரி, உங்ககிட்டக் கேக்கலாம். படிச்சவங்க, நாலு விசயம் தெரிஞ்சவங்க. ஒரு யாவாரக் கடுதாசி எத்தனை பக்கம் இருக்கோணும்ங்க?

சிரிக்காதீங்க. இந்த ஒரு கேள்வியால என்ற புள்ளை கல்யாணமே நின்னு போகப் பாத்துது. கல்யாணம் எப்படியோ நடந்துபோச்சு. ஆனா புள்ளை இன்னும் என்ற ஊட்டு வாசப்படி மிதிக்கலை. ஆடிக்கு அழைச்சு வரலை. இப்பத் தலை தீவாளி வருது. அதுக்காச்சும் கூட்டிட்டு வந்துரோணும்னுதான் இந்தப் பஸ்ஸுல உக்கோந்திருக்கறேன். அவ வரலீன்னா என்ற ஊட்டுக்காரி ருக்மணி தீவாளிக்கு அடுப்புப் பத்த வெக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டா. சொன்னான்னா செய்வா.

என்ற பேரு சென்னியப்பன். பெருந்துறைல பீரோக்கடை. இரும்பு பீரோ, சொந்தப் பட்டறை, சொந்தத் தகடு. கல்யாணச் சீருக்குப் பீரோ இல்லாம நடக்குதுங்களா? நம்ம பக்கத்துல நடக்காது. அதனால எந்த ஊட்டுல கல்யாணம்னு மொதல்ல தெரியோணும். அதுக்கு ஒரு வழி வெச்சிருந்தேன். பத்திரிகை அடிக்கற அச்சகத்துக்காரன் ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகைலயும் ஒண்ணு எனக்கு எடுத்து வெச்சிருவான். அதுல பொண்ணூட்டு விலாசம், மாப்ளையூட்டு விலாசம் ரெண்டும் இருக்குமில்ல? பொண்ணூட்டுக்கு நம்ம கடையிலிருந்து ஒரு கடுதாசி போயிரும். பீரோ வாங்கறது பொண்ணூட்டுக்காரங்கதானே. மாப்ளையூட்டுக்கு அனுப்பறதே இல்ல. அது கண்டிசன்.

அந்தக் கடுதாசியை மொதமொதல்ல எழுதினது என்ற புள்ளை கோகிலவாணி. காலேஜ் முடிச்சுப்போட்டுக் கடைல கணக்குப் பாத்துட்டு இருந்தா. ஒரே பக்கம். "உங்கள் மகள் புதுவீட்டுக்குப் போகிறாள். அவளுடைய பட்டுச்சேலையும் பழைய பள்ளிக்கூடப் போட்டோவும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒருநாள் நேரில் வந்து கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்." இப்படித்தான் ஆரம்பம். கடைசியில விலாசம், கடை எந்த நாள் லீவு. முடிஞ்சுது.

நான் கேட்டேன், "ஏம்மிணி, இவ்வளவுதானா?"

"போதும்ப்பா. கல்யாண ஊட்டுல யாருக்கு நேரம் இருக்குது? நின்னுட்டே படிச்சு முடிக்கோணும்."

பள்ளிக்கூடப் போட்டோ எதுக்குங்க அதுல? போட்டோவை எவன் திருடப் போறான்? ஆனா அந்தக் கடுதாசிக்குச் சனம் வந்துதுங்க. அதைச் சொல்லித்தான் ஆகோணும். வந்துது. அம்மாமாருங்க வந்து கதவைத் திறந்து திறந்து மூடிப் பாத்தாங்க. அதுவே எனக்குக் கொஞ்சம் இடிச்சுது. எதையும் கேக்காம வாங்கிட்டுப் போறாங்கன்னா என்னமோ இருக்குதுன்னு.

அப்பத்தான் வியாபாரிகள் சங்கத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. கோயமுத்தூருல இருந்து டை கட்டின ஒருத்தன் வந்து விளம்பரத்தைப் பத்திப் பேசினான். நான் எந்திரிச்சுக் கேட்டேன், "யாவாரக் கடுதாசி எவ்வளவு நீளம் இருக்கோணும்?" அவன் சொல்றான், "சொல்ல வேண்டியது முடியற வரைக்கும் இருக்கோணும். அதுக்கு மேல ஒரு வரி கூடாது." பாத்தீங்களா வெவரத்தை? சங்கத்துல வேன் வெச்சுக் கூட்டிட்டு வந்து, டிபன் வாங்கிக் குடுத்து, மாலை போட்டா, பதில் சொல்லாமயே பதில் சொல்லிப்போட்டு எறங்கிட்டான். ஒரு பக்கம்னு சொன்னா ஒரு பக்கம். பத்துன்னா பத்து. இதென்னங்க பதிலு?

ஆனா ராத்திரி படுத்து யோசிச்சுப் பாத்தேன். சொல்ல வேண்டியது முடியற வரைக்கும். எனக்குச் சொல்ல வேண்டியது எங்க முடியுது? ஒரு கல்யாண ஊட்டுல நகைக்கு எத்தனை பக்கத்துல இருந்து ஆபத்து வருது! நானும் எழுத ஆரம்பிச்சேன்.

ரெண்டாம் பக்கம் திருடனுக்கு. ஓட்டைப் பிரிச்சு வர்றவன், ஜன்னல் கம்பி அறுக்கறவன், கியாஸ்காரன் மாதிரி வர்றவன். இதுக்கெல்லாம் நம்ம தகடு எப்படின்னு எழுதினேன். மூணாம் பக்கம் கல்யாணக் கூட்டத்துக்கு. பந்தல்காரன், சமையல்காரன், போட்டோ எடுக்க வர்றவன், ஒண்ணுவிட்ட ரெண்டுவிட்ட சொந்தம். கல்யாண ஊட்டுல யாரு வந்தாங்க யாரு போனாங்கன்னு யாருக்குத் தெரியுது? இல்லைங்கறீங்களா?

நாலாம் பக்கம்... இருங்க, இந்தா கைலயே வெச்சிருக்கேன். மத்தவங்களுக்குக் காட்டறதில்ல. நீங்க பாக்கலாம், வாத்தியாருன்னதால. நான் புடிச்சுக்கறேன், நீங்க படிங்க.

"புகுந்த வீடு எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் லாக்கர் சாவி இரண்டும் பெண்ணின் கையிலேயே இருக்கட்டும். 'சின்னப்பிள்ளை நீ, நான் பத்திரமாக வைத்துத் தருகிறேன்' என்று மாமியார் கேட்பார். சிரித்த முகத்தோடுதான் கேட்பார். எங்கள் பீரோவில் லாக்கருக்கு உள்ளே, பின்தகட்டைத் தள்ளினால் திறக்கும் ரகசிய அறை ஒன்று உண்டு. எந்த இடத்தில் தள்ள வேண்டும் என்பது பெண்ணுக்கு மட்டும் தனியாகச் சொல்லித் தரப்படும்."

எப்படி? இதுல ஒரு வார்த்தை தப்பு இருக்குதுங்களா? ஒலகத்துல நடக்காததையா எழுதிப்போட்டேன்?

வாணி படிச்சுப் பாத்துச் சொன்னா, "அப்பா, இதைப் படிச்சா பீரோ வாங்கத் தோணாது. கல்யாணத்தையே நிறுத்தத் தோணும். மொதப் பக்கத்தோட விட்டுருங்கப்பா." அப்ப அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்துது பாருங்க. பொள்ளாச்சி மாப்ளை, பேரு நவநீதன், தென்னந்தோப்பு, ஒரே பையன். அவங்கப்பா திருமலைசாமி, கோர்ட்டுல கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. நிச்சயம் ஆனதும் புள்ளைக்கு அந்தப் பக்கம் மனசு சாஞ்சுபோச்சுன்னு நான் நெனச்சேன். அதனாலதான் சுருக்கு சுருக்குங்கறா. நாலு பக்கமும் அச்சாகிப் போச்சு.

நம்ம கடைல சுப்பணன்னு ஒரு ஆளு. கவருல விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டறது அவன் வேலை. ஸ்டாம்பு விசயத்துல நான் ரொம்பக் கறாருங்க. எத்தனை பத்திரிகை வந்துதோ அத்தனை கவரு போயிருக்கோணும். சாயங்காலம் பத்திரிகைக் கட்டையும் போஸ்ட் ஆபீசு ரசீதையும் வெச்சு நானே எண்ணுவேன். ஒண்ணு கொறஞ்சாலும் அவன் சம்பளத்துல கழிச்சிருவேன். நல்ல ஆளுதான். ஆனா நல்ல ஆளுன்னு விட்டா நாளைக்கு ஸ்டாம்பு அவன் மச்சான் ஊட்டுக் கவருல ஒட்டியிருக்கும்.

இப்ப என்ன ஆச்சு? என்ற புள்ளை கல்யாணப் பத்திரிகையும் அதே அச்சகத்துலதான் அடிச்சோம். அச்சகத்துக்காரன் வழக்கம்போல ஒண்ணை எடுத்து நம்ம கட்டுல வெச்சுட்டான். சுப்பணன் பிரிச்சுப் பாக்கறான். பொண்ணூட்டு விலாசம் யாரோடது? எங்களோடது! முதலாளி ஊட்டுக்கே முதலாளி கடுதாசி போடறதான்னு ரோசனை பண்ணியிருக்கான். போடாம விட்டா கணக்குல ஒண்ணு கொறையும், சம்பளத்துல கை வெச்சிருவேன். அதே பத்திரிகைல இன்னொரு விலாசம் இருந்துதுல்ல? அதை எழுதி, ஸ்டாம்பை ஒட்டி, போட்டுப்போட்டான். அன்னைக்குச் சாயங்காலம் எண்ணினேன். கணக்குச் சரியா இருந்துது.

தெரியாமப் பண்ணிட்டேன்னு அப்பறம் கால்ல விழுந்தான். தெரியாமயா? எதிர்த்த தெருவுல இன்னொரு பீரோக்கடை இருக்குதுங்க. நான் சுப்பணனை நிறுத்தின மறுவாரமே அவன் அங்க போய்ச் சேந்துட்டான். முன்னாலயே பேசி வெக்காம எப்படிங்க சேர முடியும்? நீங்களே சொல்லுங்க.

நீங்க ஜன்னலுக்கு வெளிய பாக்கறீங்க. சரி.

நாலு பக்கக் கடுதாசியை முழுசாப் படிக்கற மனுசன் உண்டா? கல்யாண ஊட்டுல மொதப் பக்கத்தைப் பாத்துப்போட்டு மிச்சத்துல பலகாரம் மடிச்சுக் குடுத்துருவாங்க. எனக்கே தெரியும். ஆனா கோர்ட்டு கிளார்க்கு அப்படியில்லீங்க. எழுத்துன்னு ஒண்ணு கைல வந்துட்டா முடியற வரைக்கும் கீழ வெக்க மாட்டாரு. நான் எழுதினதை நாலாம் பக்கம் வரைக்கும் படிச்ச ஒரே மனுசன் என்ற சம்பந்திதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு பேரும் வந்து நிக்கறாங்க, அவரும் சம்பந்தியம்மாளும். கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் ஊனற சமயம். வாங்க வாங்கன்னு உக்கார வெச்சோம். ருக்மணி தண்ணி கொண்டாந்து குடுத்தா. அவரு தண்ணியைக் குடிக்கலை. பையில இருந்து கடுதாசியை எடுத்து மேசை மேல விரிச்சு வெச்சாரு. வரிக்கு வரி பென்சில்ல கோடு போட்டிருந்தாரு.

சம்பந்தியம்மாள்தான் கேட்டாங்க. சத்தமெல்லாம் போடலை. "ஏனுங்கண்ணா, இது என்னைப் பத்தி எழுதினதுங்களா?"

நான் சமாளிச்சுட்டேன். "சேச்சே, உங்களைத் தனியா எழுதலீங்கம்மா. எல்லாச் சம்பந்திக்கும் பொதுவா எழுதினதுதான்" அப்படின்னேன். நல்ல பதில்தானே? அதுக்கு ஏன் அந்தம்மா கண்ணுல தண்ணி வரோணும்? எனக்குப் புரியலை இன்னைக்கு வரைக்கும். குத்தமுள்ளவங்களுக்குத்தான் குறுகுறுக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

ருக்மணி சுவத்தைப் புடிச்சுட்டு நிக்கறா. சம்பந்தி எந்திரிச்சுத் துண்டைத் தோள்ல போட்டாரு. துண்டு தோளுக்குப் போச்சுன்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். பத்திரிகை குடுத்தாச்சு, மண்டபம் சொல்லியாச்சு, ஊரே வருது. புள்ளை வாழ்க்கை என்ற கண்ணு முன்னால எந்திரிச்சுப் போகுது.

அப்ப உள்ளாற இருந்து வாணி வந்தா. நேரா மேசைக்குப் போயி, அந்தக் கடுதாசில மொதப் பக்கத்தை மட்டும் தனியா எடுத்தா. "மாமா, இது நான் எழுதினது. இதுக்கு நான் பொறுப்பு. மிச்ச மூணும் எங்கப்பாவோட பயம். அதுக்கு நான் பொறுப்பில்லீங்க." சொல்லிப்போட்டு என்ற மேசை டிராயரைத் தொறந்து, அவ சீருக்குன்னு செஞ்சு வெச்சிருந்த பீரோவோட லாக்கர் சாவியை எடுத்தா. ரெண்டு சாவி. ஒண்ணைக் கொண்டுபோயி அந்தம்மா கையில வெச்சு விரலை மூடிவிட்டா. "ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை."

தாலி கட்டறதுக்கு முன்னாலயே அத்தைங்கறாளுங்க!

சம்பந்தி துண்டைத் தோள்ல இருந்து எடுத்து மடியில போட்டுட்டு உக்கோந்தாரு. மொதப் பக்கத்தை வாங்கி இன்னொருக்காப் படிச்சாரு. என்னைப் பாத்து, "இதோட நிறுத்தியிருந்தீங்கன்னா நானே ஒரு பீரோ வாங்கியிருப்பேனுங்க"ன்னாரு. ருக்மணி சிரிச்சா. எல்லாருஞ் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் ஒறைச்சுது. பீரோ நம்ம குடுக்கறோம், அப்பறம் அவரு எதுக்கு இன்னொண்ணு வாங்கோணும்? என்ன கணக்குல சொன்னாருன்னு பல நாள் யோசிச்சேன்.

கல்யாணம் நல்லபடியா நடந்துது. குத்தஞ் சொல்ல முடியாது.

ஆனா புள்ளை கிட்ட ஒரு சாவி, மாமியார் கிட்ட ஒரு சாவி. பெத்த அப்பன்கிட்ட? யோசிச்சுப் பாருங்க. அதனால பீரோவை வண்டில ஏத்தறதுக்கு முன்னால மூணாவதா ஒண்ணு அடிச்சு வெச்சுக்கிட்டேன். கள்ளச்சாவின்னு சொல்லாதீங்க. நான் செஞ்ச பூட்டுக்கு நான் அடிச்சா அது எப்படிக் கள்ளச்சாவி ஆகும்? ஒரு அவசர ஆத்தரத்துக்கு.

விருந்துக்குன்னு ஒருக்காப் பொள்ளாச்சி போனேன். நல்லாத்தான் கவனிச்சாங்க. ரொம்ப நல்லாக் கவனிச்சாங்க, அதுதான் இடிச்சுது. சாப்பிட்டு முடிச்சு எல்லாருந் தோப்பைப் பாக்கப் போனாங்க. தலை வலிக்குதுன்னு நான் இருந்துக்கிட்டேன். வாணி ரூம்புல பீரோ இருக்குது. லாக்கரைத் தொறந்தேன். பின்தகட்டைத் தள்ளினேன். நகை அப்படியே இருந்துது, ஒண்ணு கொறையலை. ஆனா அது பக்கத்துல வேற நகை. பழைய காப்பு, அட்டியல், ஒரு கல்லு மூக்குத்தி. சம்பந்தியம்மாளோடது! என்ற புள்ளையோட ரகசிய அறைல அந்தம்மா நகை எதுக்குங்க?

எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு. நாளைக்கு அதுல ஒண்ணு காணோம்னு வெச்சுக்கோங்க. பழி யார் மேல விழும்? எம்புட்டுத் தூரம் ரோசனை பண்ணியிருக்காங்க பாருங்க!

அந்த மூக்குத்தியைக் கைல வெச்சுப் பாத்துட்டு நிக்கறேன், பின்னால காலடிச் சத்தம். சம்பந்தியம்மாள். கைல காப்பி டம்ளரு. தலை வலின்னு சொன்னதுக்குப் போட்டுக் கொண்டாந்திருக்காங்க. என்னைப் பாத்தாங்க, தொறந்து கெடக்கற லாக்கரைப் பாத்தாங்க, அதுல தொங்கற சாவியைப் பாத்தாங்க. டம்ளரை மேசை மேல வெச்சாங்க. "ஆறிப்போயிரும், குடிச்சிருங்கண்ணா"ன்னுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. ஒரு மனுசி அந்த எடத்துல ஏன் சத்தம் போடலை? அதுல இருக்குது சூட்சுமம்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாணி கூட வந்தா. அந்தம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கோணும். பஸ்ஸு ஏறப்போறப்பச் சொன்னா, "அப்பா, அந்தச் சாவியைக் கொண்டாந்து அத்தை கையில குடுங்க. அன்னைக்கே உங்க கூட நம்மூட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் என்னைக் கூப்புடாதீங்க." அழலை, கிழலை. அவளோட கடுதாசி மாதிரியே பேசினா. ஒரு பக்கம் கூட வராது. நான் போன்லயும் கடுதாசிலயும் எவ்வளவோ வெளக்கிட்டேன். பக்கம் பக்கமா எழுதினேன். எல்லாத்துக்கும் ஒரே வரிதான் வரும். "சாவியைக் கொண்டாங்கப்பா."

என்ன கேட்டீங்க? புள்ளையை நம்பலையாவா? என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க! அவளை நம்பறேன். அவ எல்லாரையும் நம்பறாளே, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

இந்தா, நெகமத்தைத் தாண்டிட்டோம். பொள்ளாச்சி கிட்ட வந்துருச்சு. இன்னொரு விசயங் கேக்கோணும் உங்ககிட்ட. இந்த வருசம் தீவாளிக்குக் கடைல இருந்து அனுப்பற கடுதாசிக்கு நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். ஒரே பக்கம். புள்ளை எழுதின மொதப் பக்கம், அப்படியே. ருக்மணி கேட்டா சந்தோசப்படுவா. பின்பக்கம் சும்மா வெள்ளையாத்தானே கெடக்குது, அதுல மட்டும் பொடி எழுத்துல கொஞ்சம்... சரி, அதை விடுங்க. அதை அப்பறம் பாத்துக்கலாம்.

இந்தா, கைக்குட்டைல முடிஞ்சு வெச்சிருக்கேன் பாத்தீங்களா, இதுதான் அந்த மூணாவது சாவி. குடுக்கத்தான் கொண்டு போறேன். சத்தியமாக் குடுக்கறேன். ஆனா சம்பந்தி கோர்ட்டு ஆளாச்சே. நாலு பேரு முன்னால நிறுத்திக் கேப்பாரு, "இது ஒண்ணுதானுங்களா? வேற கையில இல்லியே?" அவரு கேட்டா உள்ளதைச் சொல்லிருவேன். வாணி அங்க நிப்பாளே. அவ மூஞ்சியைப் பாத்துட்டுப் பொய் சொல்ல எனக்கு வராதுங்க. சின்னதுல இருந்து வராது.

அதனால... கொஞ்சம் இப்படிச் சாஞ்சு கேளுங்க, அந்தப் பச்சைச் சட்டைக்காரன் நம்மளயே பாக்கறான். நேத்துப் பட்டறைல இன்னொண்ணு அடிச்சுட்டேன். நாலாவது. இந்தா, உள்பாக்கெட்டுல இருக்குது. கைல இல்லீன்னு நான் சொன்னா அது நெசமா இருக்கோணும். அதுக்கோசரம் இதை நீங்க வெச்சுக்கோங்க. கொஞ்ச நாளைக்குத்தான். உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க வாத்தியாரே. பூட்டு எங்கீன்னு உங்களுக்குத் தெரியாது, உங்களை எனக்குத் தெரியாது. இதை விட நம்பிக்கையான ஆளு எனக்கு எங்க கெடைக்கும்?

ஏன் எந்திரிக்கறீங்க? பஸ்ஸு இன்னும் நிக்கலியே. பின்னால சீட்டு காலியா இருக்குதுன்னு நான்தான் சொன்னேன், அதுக்கு இப்பப் போகோணுமா? கையை நீட்டுங்க.

அய்யோ, வந்துட்டாங்க. அந்தா, டீக்கடை ஓரத்துல நிக்கறாங்க பாருங்க. மஞ்சச் சேலை வாணி. பக்கத்துல சம்பந்தியம்மாள். அந்தம்மா பையை வாணி தூக்கிட்டு நிக்கறா, பாருங்க. என்ற புள்ளை எளைச்சிருக்காளா? இல்ல, கொஞ்சம் பூசினாப்பலதான் இருக்கறா. சிரிக்கறா. ஆறு மாசம் ஆச்சுங்க அவ சிரிச்சு நான் பாத்து. என்னையப் பாத்துட்டா. கையாட்டறா.

வாங்கிக்கோங்க வாத்தியாரே, கெஞ்சிக் கேக்கறேன். அப்பான்னு கூப்புடறது கேக்குதுங்களா? இன்னைக்கு ஒரு நாளாச்சும் நான் அவ முன்னால மடியில ஒண்ணும் இல்லாம எறங்கோணும்ங்க.

ஆங், வாங்கிட்டீங்களா. நல்லாருப்பீங்க.

எந்த ஸ்கூலுன்னு சொன்னீங்க?